ஏழாவது விதியில் ஒரு சொல்

கைபேசியைக் கொஞ்சம் சாய்த்துப் பிடியுங்கள் தம்பி. நீங்கள் பூட்டைத் திறந்தபோது விரல் போன வழி எனக்குத் தெரிந்துவிட்டது. மேலிருந்து கீழே, அப்புறம் வலது பக்கம். பார்க்க வேண்டும் என்று நான் பார்க்கவில்லை. பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறவன் கண்ணை மூடிக்கொண்டா வருவான்? பாதுகாப்பு என்பது இந்த மாதிரி சின்ன விஷயத்தில்தான் இருக்கிறது. பள்ளிக்கூடத்தில் இதைச் சொல்லிச் சொல்லியே என் தொண்டை கட்டிப்போனது.

ஆமாம், வாத்தியார்தான். பெயர் தவமணி. இயற்பியல். மலைக்குப் போவது சுற்றிப் பார்க்க இல்லை தம்பி, மாற்றல். உத்தரவில் 'நிர்வாகக் காரணம்' என்று போட்டிருக்கிறார்கள். தண்டனை என்று போடவில்லை. போட்டால் கோர்ட்டுக்குப் போவேன் என்று அவர்களுக்குத் தெரியும். இந்த வயதில், இந்த மூட்டுவலியோடு, ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவுக்கும் எலுமிச்சம்பழத்தை மோந்துகொண்டு போகிறேன். நான் என்ன குற்றம் செய்தேன் என்று கேட்டேன். யாருக்கும் பதில் சொல்லத் தெரியவில்லை. உங்கள் பையைப் பார்த்தால் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறவர் மாதிரி தெரிகிறது. உங்களுக்குப் புரியும். கேளுங்கள்.

கீழே ஆவாரங்குளத்தில் எங்கள் மேல்நிலைப் பள்ளி. அங்கே ஹைடெக் லேப் வந்தது. வந்த நாளில் இருந்து அதற்குப் பொறுப்பு நான். ஒவ்வொரு கம்ப்யூட்டருக்கும் உறை தைத்துப் போட்டேன். செருப்பை வாசலில் விட்டுவிட்டுத்தான் உள்ளே வர வேண்டும். ஆயுத பூஜைக்கு ஒவ்வொரு திரைக்கும் நானே சந்தனப் பொட்டு வைப்பேன், உள்ளே கசியாமல், ஓரமாக. அப்படி வைத்திருந்தேன். பிள்ளைகள் உறையை மட்டும்தான் பார்க்கிறார்கள் என்று சிலர் கேலி பேசினார்கள். பேசட்டும். ஒரு மவுஸ்கூடக் கெட்டுப்போகவில்லை.

அப்போதுதான் மேலிடத்திலிருந்து சுற்றறிக்கை வந்தது. ஒவ்வொரு பள்ளியும் கணினிப் பயன்பாட்டுக்கும் பாதுகாப்புக்கும் தனக்கென ஒரு கொள்கை வகுக்க வேண்டும். தலைமையாசிரியை என்னைக் கூப்பிட்டார். "சார், இதெல்லாம் உங்களைத் தவிர வேற யாரு சார் உக்காந்து செய்வா?" உண்மைதான். வேறு யாரும் செய்ய மாட்டார்கள். வெயில் குறைந்ததும் எல்லாரும் பஸ் பிடிக்க ஓடிவிடுவார்கள்.

இணையத்தில் வெளிநாட்டுப் பள்ளிக்கூடம் ஒன்றின் கொள்கை கிடைத்தது. எவ்வளவு ஒழுங்காக எழுதியிருந்தார்கள் தெரியுமா! அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வரிக்கு வரி தமிழில் பெயர்த்தேன். ஆசிரியர் அறையில் வாசித்துக் காட்டினேன். 'பனிப்புயலால் பள்ளி மூடப்படும் நாட்களில் மாணவர்கள் வீட்டிலிருந்தே இணைய வேண்டும்' என்று ஒரு வரி. தமிழ் ஐயா விழுந்து விழுந்து சிரித்தார். "ஆவாரங்குளத்துல பனிப்புயலா? இங்க மழையே எட்டிப் பாக்க மாட்டேங்குது ஐயா!" சரி, தவறுதான். அந்த வரியை அடித்தேன். பள்ளி நீச்சல்குளம் பற்றி ஒன்று இருந்தது. அடித்தேன். நம் பள்ளியில் எதெல்லாம் இல்லையோ அதையெல்லாம் அடித்துக்கொண்டே வந்தேன். அதுதானே முறை?

அப்படித்தான் ஏழாவது விதிக்கு வந்தேன். அதில் இப்படி இருந்தது: 'ஒரு மாணவர் தேடுவதைப் பார்க்கும்போது அவர் ஏதோ சிக்கலில் இருப்பதாகத் தெரிந்தால், உடனே பள்ளியின் ஆலோசகரிடம் தெரிவிக்க வேண்டும்.' எங்கள் பள்ளியில் ஏது ஆலோசகர்? அந்தப் பணியிடமே இல்லை. வாட்ச்மேன் பணியிடமே காலி. இல்லாத ஆளிடம் எப்படித் தெரிவிப்பது? அந்தச் சொல்லை அடித்துவிட்டு 'தந்தையிடம்' என்று எழுதினேன். ஒரே ஒரு சொல். மற்றபடி வாக்கியத்தைத் தொடவில்லை.

ஜெரால்டின் என்று ஒரு கம்ப்யூட்டர் டீச்சர் இருந்தாள். நிரந்தர வேலை இல்லை, தொகுப்பூதியம். சின்னப் பெண். எல்லாரும் தலையாட்டிக்கொண்டு டீ குடிக்கும்போது அவள் மட்டும் கையைத் தூக்கினாள்.

"சார், அந்த இடத்துல அப்பான்னு போட்டா அர்த்தமே மாறிடும் சார். சில பிள்ளைங்களுக்குச் சிக்கலே வீட்டுலதான இருக்கும்?"

"ஏம்மா, பெத்தவங்களைவிடப் பெரிய ஆலோசகர் யாரு?" என்றேன். அறையே கைதட்டியது. அவள் விடவில்லை.

"இல்ல சார், முதல்ல பிள்ளைகிட்டப் பேசிட்டு..."

"உனக்கு ஒரு பிள்ளை பிறக்கட்டும், அப்பத் தெரியும்," என்றேன். உட்கார்ந்துவிட்டாள். முகம் கறுத்துப்போனது. நான் கோபமாகச் சொல்லவில்லை தம்பி, ஒரு அண்ணன் ஸ்தானத்தில் சொன்னேன்.

கொள்கை நிறைவேறியது. கண்ணாடிச் சட்டம் போட்டு லேப் வாசலில் மாட்டினோம். எழுதி மாட்டிவிட்டுப் போகிற ஆள் இல்லை நான். நடைமுறைப்படுத்த வேண்டாமா? ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் உட்கார்ந்து பிள்ளைகள் என்னென்ன தேடினார்கள் என்று முழுவதும் பார்ப்பேன். திங்கட்கிழமை பிரேயரில் மைக்கில் வாசிப்பேன். பெயரைச் சொல்ல மாட்டேன், அது நாகரிகம் இல்லை. வகுப்பை மட்டும் சொல்வேன். 'எட்டாம் வகுப்பு: பேய் உண்டா இல்லையா.' 'பத்தாம் வகுப்பு: சீக்கிரம் உயரமாக வளர்வது எப்படி.' மைதானமே சிரிக்கும். ஒருமுறை, 'ஒன்பதாம் வகுப்பு: முகப்பரு போக என்ன தடவ வேண்டும்.' அந்தப் பிள்ளை அழுதுகொண்டே ஓடியது. நான் பெயர் சொல்லவே இல்லையே! முகத்தில் இருக்கிறதைப் பார்த்து மற்றவர்கள் கண்டுபிடித்தால் அதற்கு நான் என்ன செய்ய?

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். பிளஸ் ஒன்னில் பாண்டிமீனா என்று ஒரு பெண். நன்றாகப் படிப்பாள். லென்ஸ் பாடம் நடத்தும்போது நான் கரும்பலகையில் ஒரு குறியை மாற்றிப் போட்டுவிட்டேன். எழுந்து நின்று, "சார், அப்படின்னா பிம்பம் எதிர்ப் பக்கம் விழுமே சார்?" என்று கேட்டாள். அப்படி ஒரு மூளை. அதனால்தான் எனக்கு அதிர்ச்சி.

என் மேஜையில் இருக்கிற பெரிய கம்ப்யூட்டரில் எல்லாப் பிள்ளைகளின் திரையும் சின்னச் சின்னப் பெட்டியாகத் தெரியும். அன்றைக்கு அவளுடைய பெட்டியைப் பார்க்கிறேன். தமிழில் தட்டியிருக்கிறாள்: 'பெண்ணுக்குக் கல்யாண வயது எத்தனை.' நான் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தேன். அதற்குள் அடுத்தது வந்துவிட்டது: 'அப்பா அம்மாவுக்குத் தெரியாமல் யாரிடம் சொல்லலாம்.'

நீங்களே சொல்லுங்கள் தம்பி. முதலில் கல்யாணம். அடுத்தது அப்பா அம்மாவுக்குத் தெரியாமல். இரண்டையும் சேர்த்தால் என்ன வருகிறது? எத்தனை வருடம் பிள்ளைகளைப் பார்த்தவன் நான்! ஓடிப்போகிறதுக்கு முந்தின கட்டம். எந்தப் பயலோ மனதைக் கெடுத்திருக்கிறான்.

மெதுவாகப் போய்ப் பின்னால் நின்றேன். திரையைக் கையால் மூடினாள்.

"என்ன தேடுறே?"

"ஒண்ணுமில்ல சார். குடிமையியல் சார்."

"பிளஸ் ஒன்ல ஏதுடி குடிமையியல்?"

பிறகு என்ன சொன்னாள் தெரியுமா? "சார், வீட்டுல மட்டும் சொல்லிராதீங்க சார். உங்க கால்ல விழுறேன் சார். வீட்டுல மட்டும் வேணாம்." இதைவிட அத்தாட்சி வேண்டுமா? தப்பு இல்லை என்றால் வீட்டுக்கு ஏன் பயப்பட வேண்டும்?

ஜெரால்டின் ஓடி வந்தாள். அந்தப் பெண்ணைத் தோளோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். "சார், நான் பேசுறேன் சார். ஒரு நாள் பொறுங்க. நாளைக்கு உங்ககிட்ட நானே வந்து சொல்றேன்." நான் வாசலைக் காட்டினேன். சட்டம் போட்டு மாட்டியிருக்கிறதே, அதில் 'உடனே' என்று இருக்கிறது. நான் எழுதிய சொல் இல்லை அது. வெளிநாட்டுக்காரன் எழுதியது. அதை நான் மாற்றவில்லை.

பாண்டிமீனாவுடைய அப்பா ரத்தினவேல். தேங்காய் லோடு அடிக்கிற வண்டி வைத்திருக்கிறார். போன் போட்டதும் லோடை அப்படியே நிறுத்திவிட்டு வந்துவிட்டார். அப்படி அக்கறையுள்ள மனிதர். லேப் வாசலில் செருப்பைக் கழற்றினார், நான் சொல்லாமலே. எத்தனை பெற்றோர் கழற்றுவார்கள்? உட்கார வைத்து, திரையைத் திருப்பிக் காட்டினேன். எழுத்துக்கூட்டி வாசித்தார். கத்துவார், அடிப்பார் என்று நினைத்தேன். ஒன்றும் இல்லை. அப்புறம் தணிந்த குரலில் கேட்டார்.

"யார்கிட்டயாச்சும் சொல்லிட்டாளா சார்?"

"இல்லை, அதுக்குள்ள நான் பிடிச்சிட்டேன்."

"நிச்சயமாத் தெரியுமா சார்? போன் எதுவும் போடலையே?"

"லேப்ல ஏதுங்க போன்? எங்க கொள்கையில அதுக்கு ஒரு விதியே இருக்கு," என்றேன்.

அப்போதுதான் அவருக்கு மூச்சே வந்தது. என் இரண்டு கையையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். "குடும்ப மானத்தைக் காப்பாத்திட்டீங்க சார்." வாத்தியார் வேலைக்கு வந்து இத்தனை காலத்தில் ஒரு பெற்றோர் எனக்கு அப்படி நன்றி சொன்னது அதுதான் முதல் தடவை. மகளைக் கூட்டிக்கொண்டு போனார். அவள் பையை எடுக்கக்கூட வகுப்புக்குப் போகவில்லை. ஜெரால்டின்தான் பையைக் கொண்டுபோய் வண்டியில் வைத்தாள். வைத்துவிட்டு, வண்டி திரும்பிப் போகிற வரைக்கும் வெயிலில் நின்றாள். நாடகம்.

மறுநாளிலிருந்து பாண்டிமீனா வரவில்லை. பிறகு ஒரு நாள் ரத்தினவேலே வெற்றிலை பாக்குத் தட்டோடு வீட்டுக்கு வந்தார். கல்யாணம். மாப்பிள்ளை சொந்தத்தில், முறைப் பையன்தான். "முன்னாடியே பேசி முடிச்சது சார். பரீட்சை முடியட்டும்னு இருந்தோம். இப்ப இப்படி ஆயிப்போச்சே, அதான் முந்திக்கிட்டோம். பள்ளிக்கூடத்துல வேற யாருக்கும் சொல்லலை. நீங்க மட்டும் அவசியம் வரணும்." எவ்வளவு பண்பு பாருங்கள்! கெட்டுப்போக இருந்த பெண்ணுக்கு உடனே ஒரு நல்ல வழி பண்ணிவிட்டார்.

போனேன். வேறு ஊரில், ஒரு குலதெய்வக் கோயிலில் வைத்திருந்தார்கள். மைக் செட் இல்லை, பிளெக்ஸ் பேனர் இல்லை, மேளம்கூட இல்லை. இந்தக் காலத்தில் இப்படி ஆடம்பரம் இல்லாமல் யார் நடத்துகிறார்கள்? யாரோ ஒரு பையன் கைபேசியில் படம் எடுக்கப் போனான். ரத்தினவேல் பிடுங்கி வைத்துக்கொண்டார். "போட்டோ கீட்டோ வேணாம்." எனக்கு மனம் நிறைந்துவிட்டது தம்பி. அனுமதி இல்லாமல் யாரையும் படம் எடுக்கக் கூடாது என்பது எங்கள் பத்தாவது விதி. படித்தவர்களுக்கே அது புரிவதில்லை.

என்னை முன்வரிசையில் உட்கார வைத்தார்கள். அட்சதை போட்டேன். குத்துவிளக்கு ஒன்று கொடுத்தேன். பாண்டிமீனா தலையை நிமிர்த்தவே இல்லை. கழுத்து வலிக்குமே என்று எனக்குத்தான் கவலை. நல்ல அடக்கம். வகுப்பில் எழுந்து நின்று குறுக்குக் கேள்வி கேட்ட பெண்ணா இது என்று இருந்தது.

இதோடு முடிந்திருக்க வேண்டிய கதை. ஜெரால்டின் விடவில்லை. எங்கேயோ போன் போட்டுச் சொல்லியிருக்கிறாள். சமூக நலத்துறையிலிருந்து ஒரு அம்மா ஜீப்பில் வந்து இறங்கினார். என்னை நிற்க வைத்துக் கேள்வி கேட்டார்.

"அந்தப் பொண்ணுக்கு என்ன வயசுன்னு உங்களுக்குத் தெரியுமா சார்?"

"பிளஸ் ஒன் படிக்கிற பிள்ளைக்கு என்ன வயசுன்னு வாத்தியாருக்குத் தெரியாதா மேடம்?"

"தெரிஞ்சுதான் கல்யாணத்துக்குப் போனீங்களா?"

"வெத்தலை பாக்கு வச்சு அழைச்சாங்க. போனேன்."

அந்த அம்மா பேனாவை மேஜையில் வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "அவ என்ன கேட்டிருக்கான்னு உங்களுக்கு இன்னும் புரியலையா சார்? காப்பாத்த ஆள் தேடியிருக்கா."

எல்லாம் ஜெரால்டின் சொல்லிக்கொடுத்த பாடம். தேடியிருந்தால் என்னிடம் சொல்லியிருக்கலாமே! நான் அவள் பின்னாலேயே நின்றுகொண்டிருந்தேனே! வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொன்னாளா? வீட்டில் சொல்லாதீர்கள் என்பதைத் தவிர வேறு ஒன்றும் சொல்லவில்லை. சொல்லாததை நான் எப்படித் தெரிந்துகொள்வது? அந்த அம்மா எழுந்து போகும்போது, வாசலில் மாட்டியிருந்த சட்டத்தைக் கைபேசியில் படம் எடுத்துக்கொண்டு போனார். என்னிடம் அனுமதி கேட்கவில்லை.

ரத்தினவேல் மேல் வழக்குப் போட்டார்கள். ஜாமீனில் இருக்கிறார், பாவம். பெண்ணைக் கொஞ்ச காலம் ஏதோ விடுதியில் வைத்திருந்தார்கள். அப்புறம் இரண்டு பக்கத்துப் பெரியவர்களும் பேசி, மாமியார் வீட்டுக்கே கூட்டிப் போய்விட்டார்கள். ஆக, என்ன சாதித்தார்கள்? ஒரு குடும்பத்தைக் கோர்ட்டு வாசலில் நிறுத்தியதுதான் மிச்சம்.

ஜெரால்டினா? அவள் இப்போது பள்ளியில் இல்லை. மாணவர்களின் தேடல் விவரத்தை வெளியாருக்குச் சொல்லக் கூடாது என்பது ஒன்பதாவது விதி. அதை மீறியது யார்? எழுத்து மூலமாக மேலே தெரியப்படுத்தினேன். வருடக் கடைசியில் அவளுக்குப் பணி நீட்டிப்புக் கிடைக்கவில்லை. எனக்கு அவள் மேல் கோபம் எதுவும் கிடையாது. ஆனால் விதி என்றால் எல்லாருக்கும் விதிதானே? போகிற அன்று எல்லாரிடமும் சொல்லிக்கொண்டாள். என் மேஜையைத் தாண்டித்தான் வாசல். நின்றாள். சாவியை வைத்தாள். "லேப் சாவி சார்," என்றாள். அவ்வளவுதான். ஒரு வணக்கம் இல்லை.

ஆனால் ஒன்று சொல்கிறேன் தம்பி. நான் செய்தது சரி என்பதற்குச் சாட்சி அந்தப் பாண்டிமீனாவேதான். பஸ் ஸ்டாண்டில் பார்த்தேன், மாற்றல் உத்தரவு வந்த பிறகு. வயிறு தெரிந்தது. ஆஸ்பத்திரிக்கு வந்திருப்பார்கள் போல. மாமியார் பக்கத்தில் நின்றாள். "நல்லா இருக்கியாம்மா?" என்று கேட்டேன். "நல்லா இருக்கா சார்," என்று மாமியார் சொன்னாள். "படிச்சதெல்லாம் ஞாபகம் இருக்கா?" என்று சும்மா கேட்டேன். அதற்கும் மாமியாரே சிரித்துக்கொண்டு, "இனி எதுக்கு சார் அதெல்லாம்," என்றாள். பஸ் வந்தது. படியில் கால் வைத்தவள் திரும்பி நேராக என் முகத்தைப் பார்த்தாள். "சார், எங்க கிளாஸ் பிள்ளைங்க என்னைப் பாக்க வந்தாங்க. எல்லாம் சொல்லிட்டேன் சார். இனி அந்தக் கம்ப்யூட்டர்ல யாரும் எதையும் தேட மாட்டாங்க."

கேட்டீர்களா? வேறு யாரும் என் கஷ்டத்தைப் புரிந்துகொள்ளவில்லை. அந்தப் பிள்ளை புரிந்துகொண்டு, மற்றவர்களுக்கும் எடுத்துச் சொல்லியிருக்கிறது. அவள் சொன்னது பொய்யும் இல்லை. கடைசி வாரம் வரைக்கும் நான்தானே பார்த்தேன். திருக்குறள், காந்தியடிகள், ஒளிச்சேர்க்கை. அவ்வளவுதான். முகப்பருகூட இல்லை. அத்தனை பிள்ளைகள் படிக்கிற பள்ளியில் ஒரு பிள்ளைகூடச் சிக்கலில் இல்லை! இதற்கு மாவட்ட அளவில் எனக்கு ஒரு பாராட்டுச் சான்றிதழ் கொடுத்திருக்க வேண்டும். மலைக்கு அனுப்பியிருக்கிறார்கள்.

போகட்டும். மேலேயும் லேப் இருக்கிறதாம். கொள்கை எதுவும் கிடையாதாம், பிள்ளைகள் இஷ்டத்துக்குத் தட்டுகிறார்களாம். பிரதி எடுத்துப் பையில் வைத்திருக்கிறேன். போன முதல் நாளே மாட்டிவிடுவேன். ஒரே ஒரு சங்கடம். அங்கே அப்பாக்கள் எல்லாம் தோட்டத்து வேலைக்குப் போகிறவர்கள். கூப்பிட்டு வர வைப்பதற்குள் காரியம் கெட்டுப்போகும். அதற்குத்தான் உங்களிடம் ஒரு யோசனை கேட்கலாம் என்று. பிள்ளை இந்த மாதிரி ஒரு சொல்லைத் தட்டினால், அந்த நிமிடமே தானாக அப்பாவின் கைபேசிக்குச் செய்தி போகிற மாதிரி செய்ய முடியுமா? நடுவில் ஜெரால்டின் மாதிரி யாரும் வராமல்? உங்கள் மாதிரி ஆட்களுக்கு அது பெரிய வேலை இல்லையே?

என்ன தம்பி, எழுந்துவிட்டீர்கள்? பண்ணைக்காட்டுக்குத்தானே டிக்கெட் எடுத்தீர்கள்? கண்டக்டரிடம் கேட்டது என் காதில் விழுந்தது. இது ஊர் இல்லை, வெறும் வளைவு. இங்கே ஒரு டீக்கடைகூடக் கிடையாது. அடுத்த பஸ் எப்போது வருமோ. தம்பி! நான் கேட்டதற்குப் பதில் சொல்லவில்லையே!

சரி. இறங்கட்டும். இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குப் பொறுமையே கிடையாது.

ஏம்மா, ரொம்ப நேரமா நின்னுக்கிட்டே வர்றீங்களே, இங்க இடம் இருக்கு, உக்காருங்க. பாப்பாவையும் உக்கார வைங்க, நான் ஒடுங்கிக்கிறேன். உங்க மகளா? என்ன படிக்கிறே பாப்பா? மேலே இருக்கிற பள்ளிக்கூடமா? அட, நம்ம பள்ளிக்கூடம்! நான் புதுசா வர்ற சார். பயப்படாதே. அப்பா போன் நம்பர் மனப்பாடமாத் தெரியுமா பாப்பா?